பஞ்சுக்கு எண்ணெய் தேச்சு விட்டேனுங்க

ஏனுங்க சார்... சார்... சித்த கதவத் தெறங்க சார். கீழ் ஊட்டு நாச்சிமுத்துங்க. ஆமாங்க, காலையில மோட்டார் போடறவன்தான். ரெண்டாவது சனிக்கெழம, பேங்கு லீவு, அசந்து தூங்கியிருப்பீங்க, தெரியும். தப்புத்தான். மன்னிச்சுக்கோங்க. கையில ரத்தமா? அது ஒண்ணுமில்லீங்க, பூனை கீறுனது. உங்க பால்கனிக்குப் போகோணுங்க. வாசிங் மிசினு வெச்சிருக்கீங்களே, அந்தப் பால்கனிக்கு. அதுக்கு ஒட்டுனாப்புல இருக்கற சன்ஷேடு மேல எம் பூனை உக்காந்திருக்குது.

எம் பூனைன்னா, எம் பூனை இல்லீங்க. எங்க ஊட்டுக்காரம்மாளோடது, எம் பொஞ்சாதியோடது. கமலவேணின்னு பேரு. நீங்க குடி வந்து ஒரு மாசந்தான ஆச்சு, அவளப் பாத்திருக்க மாட்டீங்க. மக ஊட்டுக்கு ஓசூருக்குப் போயிருக்கா. ஒத்தாசைக்கு. இன்னைக்கு வாரா. வெடியால அஞ்சரைக்கே பஸ் ஏறிட்டாளாம். இப்ப பத்தேகால். எப்படியும் பதினோரு மணிக்கு வாசல்ல வந்து நிப்பா. அதுக்குள்ள பூனையப் புடிச்சு, தொடச்சு, காய வெச்சு, ஒண்ணுமே நடக்காத மாதிரி சோபா மேல உக்கார வெக்கோணும். உள்ள வரலாங்களா? வந்துட்டேன். காலக் கழுவிட்டுத்தான் ஏறுனேன்.

அதா பாருங்க, அந்த ஓரத்துல. எலியாட்டம் இருக்குதுங்களா? நனைஞ்சா அப்படித்தான், பூனை பாதியாயிரும். பஞ்சு... டேய் பஞ்சு... வாடா சாமி. பாத்தீங்களா, என்னையப் பாத்ததும் ஒரு எட்டு பின்னால வெக்குது. பின்னால எடமே இல்லீங்க சார். கீழ காம்பவுண்டுல கண்ணாடிச் சில்லு பதிச்சிருக்குது. அட கெரகமே, நவுறாதடா.

கூப்பிடாம இருங்கறீங்களா? செரி. இங்க ஸ்டூலப் போட்டு உக்காந்துக்கறேன். சத்தமே போடல.

குளிப்பாட்டுனேனுங்க. அவ்வளவுதான் பண்ணுனேன். ஒரு சீவனக் குளிப்பாட்டறது குத்தங்களா? நம்ம தெருமுக்குல வண்டிப் பட்டறை இருக்குதில்லீங்க, மூணு மாசமா அங்க வண்டிக்கு அடியில போய்ப் படுத்துப் பழகிருச்சு. பழைய ஆயிலு, கிரீசு, அத்தனையும் மேலுக்கு. வெள்ளைப் பூனைங்க அது. அவ போனப்பப் பால் மாதிரி இருந்துச்சு. நேத்துப் பாக்கறேன், கரித்துணியாட்டம் கெடக்குது. இத அவ பாத்தா என்ன சொல்லுவா? ஒண்ணும் சொல்ல மாட்டா. ஒரு பார்வ பாப்பா. முப்பத்தஞ்சு வருசமா அந்தப் பார்வைய வெச்சுத்தான் குடித்தனம் பண்ணுனா.

அதனால வெடியால எந்திரிச்சு நல்லெண்ணெயக் காய்ச்சுனேன். ரெண்டு மொளகு, ஒரு வெத்தலையக் கிள்ளிப் போட்டு. ஆமாங்க, பூனைக்குத்தான். சிரிக்காதீங்க சார். எண்ணெப் பிசுக்க எண்ணெதான் எடுக்கும். இது ரோசனை பண்ணிப் பண்ணுனதுங்க. கடுவன் பூனை, அதனால சனிக்கெழம. பொட்டையா இருந்தா நேத்தே தேச்சிருப்பேன். வைத்தியனுக்குக் குடுக்கறத வாணியனுக்குக் குடுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? எங்க ஊட்டுல எண்ணெக் குளியல் நாஞ் சொல்றதுதான் சட்டம். சனிக்கெழம தவறுனதில்ல. மகளுக்கு, பொஞ்சாதிக்கு வெள்ளிக்கெழம தவறுனதில்ல. முப்பது வருசம் பஸ்ஸுல டிக்கெட் செக்கரா இருந்தவனுங்க நானு. ஒரு ஆளத் தவற உட மாட்டேன்.

ரெண்டு காலுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு, கழுத்துக்குப் பொறகால புடிச்சு, உச்சியில இருந்து வாலு முட்டும் நல்லாத் தேச்சேன். கத்துச்சு. மகளுந்தான் கத்துவா. மைதிலின்னு பேருங்க, அவ கத்துற கத்துல அக்கம்பக்கத்துல எட்டிப் பாப்பாங்க. அதுக்காக உட முடியுங்களா? இன்னைக்கு அவ தலமுடி எத்தன நீளம் தெரியுங்களா? ம்... இப்ப வெட்டிப்போட்டா. கல்யாணமான மறுநாளே வெட்டிப்போட்டா. அத உடுங்க.

எண்ணெ அரை மணி நேரம் ஊறோணுமில்ல? பாத்ரூமுக்குள்ள உட்டு வெளிய தாப்பாப் போட்டேன். வெந்நீ காய வெச்சேன். அப்பறம் அரப்பு. நம்ம பக்கம் அரப்புத்தானுங்க, சீயக்கா எல்லாம் சும்மா. வடிச்ச கஞ்சியில கொழச்சு எடுத்துட்டுப் போனேன். ரெண்டு கை கூடத் தேய்க்கல, அதுக்குள்ள கண்ணுல பட்ருச்சு. நாந்தான் கண்ண மூடு, கண்ண மூடுன்னு சொல்லிக்கிட்டே இருக்கறேன். பூனைக்குப் புரியுங்களா? இந்தக் கை, இந்த நெஞ்சு, எல்லாம் கிழிச்சுப்போட்டு, மேல வெண்டிலேட்டர்ல ஒரு கண்ணாடி ஒடஞ்சிருக்குது, அதுக்குள்ள பூந்து போச்சு. பைப்பு புடிச்சு உங்க மாடிக்கு வந்து நிக்குது.

நக்கிக்கிட்டே இருக்குது பாருங்க. அத்தன எண்ணெயும் உள்ள போகுது. அரப்பு வேற. இருமுதுங்களா? ஐயோ, இருமுதுங்க சார். இருமி உருண்டுச்சுன்னா கீழதான். கண்ணக் கூட முழுசாத் தெறக்கல. பாலு இருக்குதுங்களா உங்க ஊட்டுல? ஒரு கிண்ணத்துல ஊத்தி அந்தக் கதவு ஓரமா வெச்சுப் பாருங்க. நீங்களே வெய்யுங்க. நான் வெச்சா வராது.

ஒரு டாக்டரக் கேட்டிருக்கலாந்தான். மகளையே போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டா அவங்கம்மாகிட்டச் சொல்லிருவா. 'அப்பா மறுபடியும் ஆரம்பிச்சுட்டாரு'ம்பா.

என்ன ஆரம்பிச்சேன்னு கேக்கறீங்களா? அது ஒரு சின்ன விசயமுங்க. நீங்களே ஞாயம் சொல்லுங்க. படிச்சவரு.

ஒத்தாசைக்குப் போனான்னு சொன்னேனில்லீங்க. அப்படித்தான் எல்லாருகிட்டயும் சொல்லி வெச்சிருக்கறேன். போனது அதுக்கில்ல. தை மாசம், அவகூடப் பத்தாவது படிச்சவங்க எல்லாம் கோபியில ஒரு மண்டபத்துல கூடறாங்கன்னு போன்ல வந்துச்சு. நாப்பது வருசம் கழிச்சு. ஆம்பளைங்களும் உண்டு, பொம்பளைங்களும் உண்டு. நான் போகாதீன்னு ஒரு வார்த்த சொல்லலீங்க. சத்தியமாச் சொல்லல. ஊதாக் கலர்ல ஒரு பொடவ எடுத்தா, வாயத் தொறக்கல. அந்த வெள்ளிக்கெழம தலவலிங்கறா, எண்ணெ வேண்டாங்கறா. செரின்னு உட்டேன். ஞாயித்துக்கெழம பாக்கறேன், ஷாம்பு போட்டுத் தலைக்குக் குளிச்சுட்டு, முடிய விரிச்சுப் போட்டுக்கிட்டு, கண்ணாடி முன்னால உக்காந்து போனப் பாத்துச் சிரிக்கறா. எங்கிட்ட ஒரு நாளும் சிரிக்காத சிரிப்புங்க அது. சூட்டு ஒடம்பு அவளுக்கு. எண்ணெயில்லாம ஷாம்பு போட்டு வெயில்ல போனா என்னாகும்? சமையல்கட்டுக்குப் போயி, ஒரு கரண்டி எண்ணெய வெதுவெதுன்னு காய்ச்சி, பொறகால வந்து உச்சந்தலையில ஊத்துனேன்.

சூடா எல்லாம் இல்லீங்க. வெதுவெதுன்னுதான். பொடவையில வடிஞ்சதுன்னா, அவ திடுக்குனு எந்திரிச்சதாலதான் வடிஞ்சுச்சு. சும்மா உக்காந்திருந்தா ஒரு சொட்டு பட்டிருக்காது.

ஏனுங்க சார் எந்திரிச்சு அக்கட்டால போறீங்க? நான் என்ன அடிச்சனா? இந்தக் கை ஒரு நாளு அவ மேல பட்டதில்லீங்க. குடியில்ல, சீட்டில்ல. நல்லதுக்குத்தான பண்ணுனேன். எல்லாமே நல்லதுக்குத்தான் பண்ணுனேன்.

அவ அழுகல. கத்தல. நின்னு என்னைய ஒரு பார்வ பாத்தா. பழைய பொடவ ஒண்ணக் கட்டிக்கிட்டு, ஒரு பையத் தூக்கிக்கிட்டு நடந்தா. வீம்புக்குக் கோபிக்குத்தான் போறான்னு நெனச்சேன். பொழுது எறங்கி மக போன் பண்றா, 'அம்மா இங்க வந்துட்டாங்கப்பா'ன்னு. நான் அப்பவும் என்ன கேட்டேன் தெரியுங்களா? 'தலைக்கு ஊத்திக்கிட்டாளா'ன்னு கேட்டேன். எண்ணெயோட படுத்தா சளி புடிச்சுக்குமே. மக பொசுக்குன்னு போன வெச்சுட்டா. நல்லது கேட்டா வெக்கறா பாருங்க.

மூணு மாசம். நான் போன் பண்ணுனா எடுக்க மாட்டா. மக மூலமா ஒண்ணே ஒண்ணுதான் கேப்பா: பஞ்சு தின்னானா. அவ்வளவுதான்.

மொத வாரம் அதுக்குச் சோறே வெக்கலீங்க நானு. எனக்கே சோறில்ல, உனக்கென்ன கேடுன்னு உட்டுட்டேன். அது வாசப்படியப் பாத்து உக்காந்துக்கும். நான் சோபாவுல உக்காந்து வாசப்படியப் பாப்பேன். இப்படியே எத்தன நாளுங்க? ஒரு நாளு பாலுஞ்சோறும் பெசஞ்சேன், பாதி அதுக்கு, பாதி எனக்கு. அப்பறம் ரெண்டு பேரும் ஒரே சாப்பாடுதான். பொழுதெறங்குனா 'இன்னைக்கும் வரலடா'ம்பேன். அது ஒரு கத்து கத்தும். ஊட்டுக்குள்ள அந்த ஒரு சத்தந்தான் சார். அதுவும் இல்லாட்டிப் போனா நான் எப்படி இருப்பேன்? நெஞ்சத் தொட்டுச் சொல்றேன், எனக்குப் பயமா இருக்குதுங்க.

பூனை இங்க இருக்கறவரைக்கும் அவ வருவான்னு ஒரு தெம்பு. மக இத்தன நாளு வாடகை ஊட்டுல இருந்தா, அங்க பூனை நாய் ஆகாது. இப்பச் சொந்த ஊடு கட்டிக் குடி போயிட்டாங்க. நான் பால் காய்ச்சப் போகலீங்க. கூப்பிடல. நேத்து மக பேசறா, 'அம்மா வந்து பஞ்சுவக் கூட்டிட்டு வந்துருவாங்கப்பா'ன்னு. கூட்டிட்டு வந்துருவாங்களாம். ஊட்டுக்குள்ள வருவாங்க, ஒரு வா காப்பி குடிப்பாங்கன்னு இல்ல. ஆட்டோவ நிக்க வெச்சே கூடையில போட்டுட்டுப் போயிருவாளாட்ட இருக்குது.

அதனாலதான் குளிப்பாட்டுனேன். பளபளன்னு பாத்தான்னா, 'பரவால்ல, மனுசன் நல்லாத்தான் பாத்திருக்கறான்'னு மனசு மாறும். ஒரு நாளு இருப்போம்னு தோணும். ஒரு நாளு இருந்தா, நான் பேசிச் செரி பண்ணிருவேன். இது தப்புங்களா? நீங்களே சொல்லுங்க. இப்படிப் பாக்காதீங்க சார்.

என்னது? நான் உள்ள போகோணுமா? நான் இங்க இருக்கறதாலதான் வர மாட்டேங்குதுங்கறீங்களா? மூணு மாசம் சோறு போட்டவனுங்க நானு! ...செரி. செரி, கோவிச்சுக்காதீங்க. உள்ள போறேன். இந்த ஹால்லயே நின்னுக்கறேன். வந்தாச் சொல்லுங்க.

வருதுங்களா?

மோந்து பாக்குதுங்களா? உங்க கையவா? நேத்து வரைக்கும் உங்களத் தெரியாது அதுக்கு! செரி, பேசல.

வந்துருச்சா? உள்ள வந்துருச்சா? எங்க? கட்டலுக்கு அடியிலயா? பால்கனிக் கதவச் சாத்துங்க சார், மொதல்ல சாத்துங்க. அப்பாடா. முருகா. உசுரு வந்துச்சு. உங்களுக்குக் கோடிப் புண்ணியம் சார். ஒரு பழைய துணி குடுங்க, நீங்களே தொடச்சு உடுங்க. நான் கிட்டக்கப் போகல. நடுங்குதுங்களா? நடுங்கட்டும், காஞ்சா செரியாயிரும். கண்ணத் தெறந்துருச்சா? சேந்தாப்புல இருமுதுங்களா? இல்ல? அப்பறமென்ன, பொழச்சுக்கிச்சு.

சார்... அந்த ஆட்டோ சத்தம் நம்ம வாசல்லதானுங்களே? ஜன்னல்ல பாருங்க. ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு ஒரு அம்மா? கையில கூடையா? அவதான். வந்துட்டா.

இருங்க, இருங்க. வாசக் கதவத் தெறக்காதீங்க. ஒரு நிமிசம் நாஞ் சொல்றதக் கேளுங்க. பூனை உங்க ஊட்டுல இருக்கறது நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். கீழ ஊடு தெறந்து கெடக்குது, பாத்ரூமெல்லாம் எண்ணெ, ரத்தம். அவ உள்ள வந்து அதப் பாப்பா. பூனையக் காணோம்னு பதறுவா. பதறுனா தேடுவா. தேடாமப் போக மாட்டா, அவளப் பத்தி எனக்குத் தெரியும். ரெண்டு நாளு சார். ரெண்டே நாளு உங்க ஊட்டுல வெச்சுக்கோங்க. நானும் அவகூடப் போவேன். பட்டறையில கேப்போம், மார்க்கெட்டுப் பக்கம் போவோம், வாய்க்கா மேட்டுல போயித் தேடுவோம். ரெண்டு பேருஞ் சேந்து. நாங்க ஒண்ணாத் தெருவுல நடந்ததே இல்லீங்க சார். நான் பத்தடி முன்னால போவேன், அவ பின்னால வருவா. இப்ப அவகூடவே நடப்பேன். மொள்ளமா நடப்பேன். ரெண்டு நாளு கழிச்சு, 'இந்தா கெடச்சுருச்சு'ன்னு நானே கொண்டு போயிக் குடுப்பேன். எப்படிச் சிரிப்பா!

என்னங்க சார் தப்பு? திருட்டா? எங்க ஊட்டுப் பூனைய நான் ஒளிச்சு வெச்சா திருட்டா?

கூப்பிடறா கேளுங்க. 'பஞ்சூ... சாமீ...'ன்னு. இப்படித்தான் கூப்பிடுவா, சாப்பாட்டு நேரத்துக்கு. ஐயோ, அதுக்கும் கேட்ருச்சு. எந்திரிச்சு வந்துருச்சு பாருங்க. கதவப் பொறாண்டுது. டேய், சும்மா இருடா. கத்தாதடா, உங்கால்ல உழுகறேன். சார், நீங்க நவுறுங்க, நான் கதவுல சாஞ்சு நின்னுக்கறேன். தாப்பாளத் தொடாதீங்க. தொடாதீங்கன்னு சொல்றேன்.

உள்ள போயி அந்த ரத்தத்தப் பாத்துட்டு வெளிய வந்துட்டாளாட்ட, பொட்டிக்காரர்கிட்டக் கேக்கறா. இஸ்திரி போடறவருகிட்ட. 'எம் பூனையப் பாத்தீங்களாண்ணா'ன்னு.

என்ன சத்தமுங்க அது?

அழுகறா. தெருவுல நின்னு அழுகறா சார். அவ அழுது நான் கேட்டதே இல்ல. அவங்கய்யன் செத்தப்பக்கூட, நான் கூட்டத்துல நிக்கறேன்னு வாயப் பொத்திக்கிட்டா. அந்த ஞாயித்துக்கெழம கூட ஒரு சொட்டு உடல. இப்ப ஊரு பாக்க அழுகறா. 'கொன்னுட்டாரு, எம் புள்ளையக் கொன்னுட்டாரு'ங்கறா. என்னையத்தான் சொல்றா. நான் கொல்லலியே சார். இங்கதான இருக்குது. எங்காலுக்குக் கீழதான நிக்குது.

அவளுக்கு என்னையப் பாத்தா அப்படித்தான் தோணுதுங்களா? எத்தன வருசமா?

...கதவத் தெறந்து உட்ருங்க சார்.

நீங்க தெறங்க. நான் தெறந்தா அது என்னையத் தாண்டிப் போகாது, மறுபடியும் கட்டலுக்கு அடியில பூந்துக்கும். நான் சமையல்கட்டுக்குள்ள போயிக்கறேன். சொவுத்தப் பாத்து நின்னுக்கறேன். அது நிக்கற எடத்துல இருந்து வாசப்படி வரைக்கும் யாரும் குறுக்க இல்லீங்களே? அப்பத் தெறங்க.

தெறந்துட்டீங்களா?

போயிருச்சா? படியில எறங்குன சத்தமே கேக்கலியே. பூனைக்கு ஏது சத்தம்.

அவ அழுகறது நின்னு போச்சு. கெடச்சிருச்சாட்ட. ஜன்னல்ல பாத்துச் சொல்லுங்க சார். நான் திரும்பல. தூக்கிட்டாளா? மொகத்தோட சேத்து வெச்சிருக்காளா? அது கத்தலியே? கத்தாது. அவகிட்டக் கத்தாது. என்னமோ சொல்றாளே, அதுகிட்டயா, இஸ்திரிக்காரருகிட்டயா? மேல பாத்தாளா?

என்னையக் கேட்டாளா சார்?

...செரிங்க. செரிங்க, நான் சும்மா கேட்டேன். ஆட்டோ இன்னும் நிக்குதில்லீங்க? நான் சித்த நேரம் இங்கயே நின்னுக்கறேன். அது கெளம்புனப்பறம் சொல்லுங்க, எறங்கிப் போறேன்.